வாசலில் நின்ற மாப்பிள்ளை

மோகனூர் டெண்ட் கொட்டகையில் தன் புருஷன் நடித்த படம் ஓடுகிறது என்ற செய்தி சேலத்துக்கு எட்டியதிலிருந்து மயிலம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சும்மா சொல்லக்கூடாது, பெருமைப்பட அவளுக்குப் பாத்தியதை உண்டு. குழந்தைவேல் ஏர் பிடித்த கையை உதறிக்கொண்டு நாடகக் கம்பெனிக்குப் போனபோது, 'கூத்தாடி பொண்டாட்டி' என்ற பட்டத்தை அவளுக்குச் சூட்டாத பங்காளி வீடு ஒன்றுகூடப் பாக்கியில்லை. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவனோடு சேலத்துக்குக் குடிபோய், ஸ்டூடியோ பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் அடுப்பு மூட்டியவள் அவள். இன்றைக்கு அதே பங்காளிகள் வண்டி கட்டிக்கொண்டு படம் பார்க்க வரப்போகிறார்கள் என்றால் கழுத்து கொஞ்சம் நிமிரத்தானே செய்யும்?

பங்காளிகள் கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு அவளுடைய அப்பா சின்னண்ணன் வருகிறார். அதுதான் விஷயம்.

சின்னண்ணன் மோகனூருக்கு மேற்கே ஆற்றோரத்தில் தோட்டம் துரவோடு வாழ்கிறவர். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். அந்தச் சீமையில் வீட்டுக்கு ஒருவர் வந்தால், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் தனித்தனியாக அவரைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லியாக வேண்டும். பெரியவர் சொல்லிவிட்டார், அது போதும் என்று மற்றவர்கள் இருந்துவிட முடியாது. அடுப்படியில் இருப்பவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொல்வாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவன் வாளியை வைத்துவிட்டு வந்து சொல்வான். ஒருவர் விட்டுப்போனாலும் வந்தவர் மனதில் அது தைத்துக்கொள்ளும். பல வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பேச்சில், "அன்னைக்கு என்னை வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று வெளியே வரும்.

மூன்று வருஷத்துக்கு முந்தி ஆடி நோம்பிக்குக் குழந்தைவேலும் மயிலம்மாளும் அந்த வீட்டுக்குப் போனார்கள். அம்மா கண்ணாத்தாள் "வாங்க மாப்ளே" என்றாள். அண்ணன்மார் சொன்னார்கள். பண்ணையத்து ஆள் பொன்னன்கூட வந்து சொன்னான். சின்னண்ணன் மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. குழந்தைவேல் வாசலில் நின்றான். உள்ளே வரச் சொல்லி மாமியார் கெஞ்சினாள், மயிலம்மாள் அழுதாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் வந்த வழியே திரும்பி நடந்தான். மயிலம்மாளும் ஈரக் கண்ணோடு பின்னாலேயே போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த வாசலை இருவரும் மிதிக்கவில்லை.

இப்போது அப்பா வருகிறார். "ராஜா கதைங்கறாங்க, அதான் வாரேன். அந்தக் கூத்தாடியப் பாக்க வரலே" என்று சொன்னாராம், கண்ணாத்தாள் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். என்ன சொல்லிக்கொண்டு வந்தால் என்ன, வந்து உட்காரட்டும் என்று நினைத்தாள் மயிலம்மாள். கொட்டகை முழுக்கத் தன் புருஷனைப் பார்த்துக் கைதட்டுவதை அந்த மனுஷன் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் மனசு இளகாதா? அந்த ஒரே ஆசையில்தான் யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு புருஷனோடு மோகனூர் வந்து இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் குழந்தைவேல் காவிரியில் குளிக்கப் போனான். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே கொட்டகைக்கு நடந்தாள். ஆபரேட்டர் வெங்கடாசலம் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், கொட்டகை ஆத்தூரில் ஓடிவிட்டு இங்கே வந்து கூடாரம் அடித்திருந்தது.

"காமிக் எந்த நேரத்துலீங்க வரும்?" என்று கேட்டாள். படத்தின் நடுவே வரும் அந்தச் சிரிப்புக் கட்டத்தில்தான் குழந்தைவேல் நடித்திருந்தான்.

"காமிக்கா? அது வராதும்மா. தனி டப்பாவுல தூங்கிக்கினு இருக்கு. ஆத்தூர்ல முதல் நாள் போட்டேன், ஒருத்தன் சிரிக்கல. அன்னிக்கு மூடினதுதான், இந்த ஊர்ல தொறக்கவே இல்ல."

"ஏனுங்க அப்புடிப் பண்ணீட்டீங்க?"

"யுத்த காலத்துல எஞ்சினுக்கு எண்ணெய் கெடைக்கறதே பெரும்பாடு. இதுக்கு வேற ஊத்தணுமா? கதைக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. ராஜா ஜெயிலுக்குப் போறான், ராணி அழுவுறா, ராஜா வெளிய வர்றான். நடுவுல இவரு எதுக்கு? எடுத்துட்டேன், எடுத்தது ஒருத்தருக்கும் தெரியல."

வெங்கடாசலம் சொன்னது பொய்யில்லை. அந்தக் காலத்துப் படங்களில் கதை ஒரு பக்கம் போகும், காமிக் ஒரு பக்கம் போகும். காமிக்கைத் தனியாக எடுத்து, கதையை வெட்டி நடுவில் செருகுவார்கள். கதாநாயகன் சாகக் கிடப்பான். அடுத்த நிமிஷம் எங்கோ ஒரு தெருவில் ஒருவன் வழுக்கி விழுவான். ஆனாலும் 'எடுத்தது ஒருத்தருக்கும் தெரியல' என்ற வார்த்தை மயிலம்மாளுக்குச் சுருக்கென்றது. தன் புருஷனின் உழைப்பை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டு, மூடியதே தெரியவில்லை என்கிறானே!

"அதுல நடிச்சது என்ற ஊட்டுக்காரருங்க" என்றாள்.

வெங்கடாசலத்துக்குச் சங்கடமாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதம்மா. நல்லாத்தான் பண்றாரு. ஆனா அதுல ஒண்ணுமே நடக்கலியே. மாமியா ஊட்டுக்குப் போறாரு. எல்லாரும் வந்து வாங்க, வாங்கங்கறாங்க. மாமனாரு ஒருத்தரு மட்டும் கயிறு திரிச்சிக்கினு இருக்காரு. இவரு வாசல்லயே நிக்கிறாரு. நிக்கிறாரு, நின்னுக்கினே இருக்காரு. அவ்வளவுதான் கத."

அது யாருடைய வாசல் என்று மயிலம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. ஆற்றை நோக்கி விறுவிறு என்று நடந்தாள்.

குழந்தைவேல் குளித்துவிட்டு மணலில் வேட்டியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"எங்கப்பாவையா எடுத்து வெச்சிருக்கீங்க?"

பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வது அவன் சுபாவம். வேட்டியின் நுனியில் ஒரு கல்லை வைத்தான். "ஆமா" என்றான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலீங்களா?"

"சொன்னா வேண்டாம்னுருப்பே." அவன் அவளை உட்காரச் சொன்னான். "அன்னைக்கு வாசல்ல நின்னப்ப எனக்கு அழுகைதான் வந்துச்சு மயிலா. அப்புறம் டைரக்டரு, புதுசா ஒரு காமிக் சொல்லுய்யான்னாரு. என்னமோ இது வாயில வந்திருச்சு. உங்கப்பா கயிறு திரிச்சதும், நான் ஒத்தைக் காலை எடுத்து வெக்கறதும் இழுக்கறதுமா நின்னதும்... சொல்லச் சொல்லத்தான் தெரியுது, அந்த அழுகைக்குள்ளயே சிரிப்பும் இருந்திருக்குது. நாந்தான் அன்னைக்குப் பாக்கலே."

"ஒண்ணுமே நடக்கலையாமா அதுல. ஆபரேட்டரு சொல்றாரு."

"டைரக்டரும் அதத்தான் சொன்னாரு. சர்க்காரு பிலிமை அளந்து குடுக்குது, சட்டுப்புட்டுனு ஓடியா, வுழு, எந்திரின்னாரு. நான் முடியாதுன்னுட்டேன். நிக்கறதை வெட்டுனா அதுல மிச்சமொண்ணும் இல்லீங்க, நிக்கறதுதான் கதைன்னேன்." சொல்லும்போதே அவன் முகத்தில் ஒரு மிடுக்கு வந்தது. "நாடகத்துல சனம் சிரிக்கிற வரைக்கும் காத்திருந்து அடுத்த வார்த்தை பேசலாம். ஸ்டூடியோவுல ஒருத்தரும் சிரிக்கப்படாது, மைக்குல ஏறிரும். அதனால நம்ம சனம் எதுத்தாப்புல உக்காந்திருக்கறதா மனசுல வெச்சுக்கிட்டேன். இந்த எடத்துல இவ்வளவு நேரம் சிரிப்பாங்கன்னு நெனச்சு அவ்வளவு நேரம் நின்னேன். சரியா நின்னனா தப்பா நின்னனான்னு இன்னும் எனக்கே தெரியாது."

வேட்டியின் மறு நுனியிலும் ஒரு கல்லை வைத்துவிட்டு, "உங்கப்பா சங்கதி. போட வேண்டாம்னா வேண்டாம். டப்பா மூடியே கெடக்கட்டும்" என்றான்.

போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். படம் முடிந்ததும் அப்பா ஊர்ச் சனத்தின் முன்னால், "எங்கே அம்மிணி உன்ற ஊட்டுக்காரரு? கண்ணுலயே படலே" என்பார். அதோடு போச்சு, ஆயுசுக்கும் தலை தூக்க முடியாது. போட்டாலோ, அவர் செய்த காரியமே அத்தனை பேர் முன்னால் திரையில் நிற்கும். ரோஷக்கார மனுஷன், எழுந்து போனால் போனதுதான், மகள் என்கிற உறவும் மிஞ்சாது. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில், மூன்று வருஷமாக அமுக்கி வைத்திருந்த கோபமும் இருந்தது.

"நீங்க நின்னது பொய்யில்லே. அவரு நிக்க வெச்சதும் பொய்யில்லே" என்றாள். "பயந்துக்கிட்டுப் பொட்டிக்குள்ள வெக்கறதுக்கா பங்காளிக பேச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டேன்? போடட்டும்."

கொட்டகைக்குத் திரும்பிப் போய்க் கேட்டபோது வெங்கடாசலம் லேசில் மசியவில்லை. "எண்ணெய் எங்கம்மா இருக்கு?" என்று அதிலேயே நின்றார்.

"ஆத்தூர்ல சிரிக்காதது ஞாயந்தானுங்க. அங்க ஊட்டுப் பெரியவரு ஒருத்தரு வாங்கன்னா ஊடே வாங்கன்ன மாதிரி. எங்க பக்கம் அப்புடியில்லீங்க. ஒருத்தரு விட்டுப்போனா உசுரே போயிரும். இங்க ஒருக்காப் போட்டுப் பாருங்க."

"போடறதுக்கு எண்ணெய்..."

"ராணி எத்தனை பாட்டு அழுகறா?"

"மூணு."

"ரெண்டு பாட்டு அழுதாப் பத்தாதுங்களா? ரெண்டாவது பாட்டுக்கே பாதிச் சனம் முறுக்கு வாங்கப் போயிருதுன்னு வெளிய கடைக்காரரு சொல்றாரு. விடாம அழுதுக்கிட்டே இருந்தா அழுகை எப்புடீங்க ஒறைக்கும்? மூணாவது பாட்டை எடுத்துட்டு அந்த எடத்துல இதைப் போடுங்க."

வெங்கடாசலம் விரலை விட்டு மூன்று பாட்டையும் எண்ணிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். டப்பாவைத் தேடி எடுத்துத் தூசியைத் தட்டினார்.

பொழுது சாய்ந்ததும் கூட்டம் நெரிந்தது. ஜேடர்பாளையத்திலிருந்துகூட வண்டிகள் வந்திருந்தன. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே இடுப்பளவுத் தட்டி. சின்னண்ணன் சலவை வேட்டியும் தலையில் உருமாலுமாக வந்து, தட்டியை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தார். தட்டிக்கு இந்தப் பக்கம் மணலில் மயிலம்மாளும் கண்ணாத்தாளும். மகளைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழந்தைவேல் உள்ளேயே வரவில்லை. திரைக்குப் பின்னால் இருட்டில் போய் நின்றுகொண்டான். அங்கிருந்து படம் இடம் வலம் மாறித்தான் தெரியும், ஆனால் சிரிப்புச் சத்தம் நன்றாகக் கேட்கும்.

ராஜா சிறைக்குப் போனான். ராணி ஒரு பாட்டு அழுதாள், இன்னொரு பாட்டும் அழுதாள். கூட்டம் நெளிந்தது. ரீல் மாற்ற விளக்குப் போட்டு அணைத்தார்கள். திரையில் ஒரு வாசல் தெரிந்தது. புது மாப்பிள்ளையாகக் குழந்தைவேல், கையில் ஒரு பலகாரத் தூக்கோடு.

மாமியார் வந்து வாங்க என்றாள். மச்சான் சொன்னான். மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கிப் படியில் வைக்கப்போனவன், ஓரமாகக் கயிறு திரிக்கிற மாமனாரைப் பார்த்தான். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. மெதுவாகப் பின்னால் வந்தது.

கொட்டகையில் சத்தமில்லை. ஆத்தூர் கதைதானா இங்கேயும்?

எதிர்வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து வாங்க என்றாள். வேலையாள் சொன்னான். மறுபடி கால் எழுந்தது, மறுபடி இறங்கியது. மாமனார் தொண்டையைக் கனைத்தார். மாப்பிள்ளை தோளைச் சரிசெய்துகொண்டு, முகத்தை மலர்த்திக்கொண்டு தயாரானான். மாமனார் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு மீண்டும் கயிற்றுக்குப் போனார். மலர்ந்த முகம் மலர்ந்தபடியே நின்றது. எடுக்கவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது.

பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி 'க்ளுக்' என்றாள். அவ்வளவுதான். மடை உடைந்த மாதிரி கொட்டகை முழுக்கச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. அந்த வாசலில் நிற்காதவர்கள் அந்தக் கொட்டகையில் யார்? மாப்பிள்ளை நின்றான். சிரிப்பு ஏறி, உருண்டு, ஓய்ந்து வருகிற அந்தக் கணத்தில், சொல்லி வைத்தாற்போல ஒரு சின்னப் பெண் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து "வாங்க" என்றாள். மறுபடி இடி. அது அடங்கும் நேரத்துக்குச் சரியாக அடுத்த வாங்க. மயிலம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை பேர் இத்தனை நேரம் சிரிப்பார்கள் என்று, யாருமே சிரிக்காத ஓர் அறையில் தனியாக நின்று கணக்குப் போட்டிருக்கிறான் அவள் புருஷன். ஒரு மூச்சுகூடத் தப்பவில்லை.

"அட வாங்கன்னு சொல்லித் தொலைய்யா!" என்று யாரோ திரையைப் பார்த்துக் கத்தினார்கள். "வாங்க மாப்ளே! நாங்க சொல்றோம் வாங்க!" என்று இன்னொரு குரல். கொட்டகையே வாங்க, வாங்க என்று கூவியது. அவள் தட்டிக்கு மேலே பார்த்தாள். அப்பா அசையவில்லை. முழங்காலில் வைத்த கை மட்டும் இறுகியிருந்தது.

திரையில் பொழுது இறங்கி விளக்கு ஏற்றினார்கள். மாமனார் திரித்த கயிற்றைச் சுருட்டி வைத்தார். எழுந்தார். வாசலுக்கு வந்தார். கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொண்டது. "வாங்க மாப்ளே" என்றார் மாமனார். பதிலில்லை. மாப்பிள்ளை தூண் போல நின்றபடியே தூங்கிப்போயிருந்தான். வந்தவரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் உள்ளே வராமல் தான் மட்டும் திரும்பிப் போக முடியுமா? மாமனார் நின்றார். மாப்பிள்ளை குறட்டை விட்டான். மாமனார் நின்றுகொண்டே இருந்தார்.

ரீல் முடிந்து விளக்குப் போட்டதும் "ஒன்ஸ்மோர்!" என்று கொட்டகை அதிர்ந்தது. எண்ணெய் எண்ணெய் என்று புலம்பிய வெங்கடாசலம் வாயெல்லாம் பல்லாக அதே ரீலை மறுபடி சுற்ற ஆரம்பித்தார். சின்னண்ணனுக்குப் பக்கத்தில் இருந்த ஜேடர்பாளையத்துக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவனோ நெசமாலுமே இப்புடி ஒரு மாமனாருகிட்ட மாட்டியிருக்கறானுங்க. சும்மா கற்பனையில இது வராது. அந்த மாமனாரு எந்த ஊர்க்காரரோ!"

மயிலம்மாள் தட்டி ஓரம் நகர்ந்தாள். சின்னண்ணன் உருமாலை அவிழ்த்து மடியில் வைத்தார். மறுபடி எடுத்துக் கட்டினார். எழுந்து போகப்போகிறார் என்றே நினைத்தாள்.

"அந்த மாமனாரு நாந்தானுங்க" என்றார் சின்னண்ணன்.

பக்கத்துக்காரர் திகைத்துத் திரும்பினார்.

"நடிச்சிருக்கறவரு என்ற மாப்ளே" என்றார் சின்னண்ணன், இந்தத் தடவை பின் பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி. "என்ற மகளைக் கட்டுனவரு. சேலத்துல இருக்கறாரு."

கண்ணாத்தாள் மகளின் கையைப் பற்றிக்கொண்டாள். இரண்டாம் தடவை ரீல் ஓடியபோது மயிலம்மாள் திரையைப் பார்க்கவேயில்லை. பெஞ்சில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்த அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. அது எந்தக் கண்ணீர் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை.

படம் முடிந்ததும் அவர் வண்டிக்குப் போகவில்லை. திரைக்குப் பின்னால் போனார். குழந்தைவேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். மயிலம்மாள் ஓடி வந்து சற்றுத் தள்ளி நின்றாள்.

"அந்த நிக்கற கட்டத்தச் சுருக்கிப்போட்டீங்க மாப்ளே" என்றார் சின்னண்ணன்.

குழந்தைவேல் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டான். "பிலிம் பத்தலீங்க மாமா."

"அன்னைக்கு நான் இதைவிட நேரம் நிக்க வெச்சனுங்க. தப்புத்தானுங்க." பெரியவர் திரைப் பக்கம் கையைக் காட்டினார். "கடைசில அந்த மாமனாரு எந்திரிச்சு வந்து கூப்புடறாரே, அது நடக்கலீங்களே. அதை நீங்களா சேத்துட்டீங்களாட்டம் இருக்குது."

"ஆமாங்க மாமா. அது ஒண்ணு மட்டும் பொய்யுங்க."

"அது எதுக்குப் பொய்யா இருக்கோணும்?" என்ற சின்னண்ணன், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

முன்னால் போகிற இரண்டு பேரில் யாரைப் பார்த்துப் பெருமைப்படுவது என்று மயிலம்மாளுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரையும் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள்.